கூடம் கோணலா, கால் கோணலா? எலெக்ட்ரிக் கிட்டாரில் நல்ல டோன் தேடும் புதியவர்களுக்கு

"அண்ணே, யூடியூப்ல கேக்குற சவுண்டு நம்ம கிட்டார்ல வர மாட்டேங்குது. என்ன பெடல் வாங்கட்டும்?"

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் இந்தக் கேள்வியோடு யாராவது ஒரு தம்பி வில்லாபுரத்திலிருந்தோ திருநகரிலிருந்தோ பைக்கில் வந்து நிற்பான். முதுகில் கிட்டார் பை, போனில் ஏற்கெனவே நாலு பெடலின் (சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கும் பெட்டி) விலை. நான் பெடல் பெயர் எதுவும் சொல்வதில்லை. கிட்டாரை வெளியே எடுக்கச் சொல்லி, எதிலும் சொருகாமல் ஒரு கம்பியை மட்டும் தட்டச் சொல்வேன். பெரும்பாலும் அந்த ஒரு தட்டிலேயே நோய் தெரிந்துவிடும்.

எனக்கும் அந்த நோய் இருந்தது. பல வருடங்களுக்கு முன் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பங்குனிப் பொங்கல் கச்சேரி. எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் ரிதம் கிட்டார், எனக்கு மூத்த அண்ணன் ஒருவர் லீட். ஜெனரேட்டருக்கு மாற்றிய நேரத்தில் அவருடைய ப்ராசஸரின் (பல பெடல்களின் வேலையை ஒன்றாகச் செய்யும் பெட்டி) அடாப்டர் புகைந்துபோனது. மனுஷன் அலட்டிக்கொள்ளவே இல்லை. என் மட்டரக கிட்டாரை வாங்கி, மேடையில் கிடந்த ஒரு சின்ன ஆம்ப்பில் நேராகச் சொருகி நாலு பாட்டு வாசித்தார். கீழே இருந்த ஜனத்துக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அஞ்சாவது பாட்டுக்கு கிட்டாரை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஆம்ப்பில் ஒரு நாப்பைக்கூட (திருகும் குமிழ்) யாரும் தொடவில்லை. நான் வாசித்ததும் கேட்டது ஏதோ தகர டப்பாவில் கொசு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. இறங்கும்போது சொன்னார்: "கிட்டாருக்கு ஒண்ணும் இல்லடா. நீ கம்பியத் தொடுறதுக்கே பயப்படுற."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியைச் சொல்லி, 'எல்லாம் கையில்தான் இருக்கிறது, சாமான் எதுவும் முக்கியமில்லை' என்று முடித்துவிடுகிற குருமார்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. சில சமயம் கூடம் நிஜமாகவே கோணல். துருப்பிடித்த கம்பியை வைத்துக்கொண்டு எந்தக் கையாலும் ஒன்றும் செய்ய முடியாது. எது கூடத்தின் கோணல், எது காலின் கோணல் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வீண் செலவு பாதி குறையும். அதற்கான வரிசையைத்தான் கீழே சொல்கிறேன். வரிசை மாறாமல் செய்யுங்கள்.

முதலில், சத்தம் எந்த வழியாக வருகிறது

எலெக்ட்ரிக் கிட்டாரில் உங்கள் காதுக்கு வருவது கம்பியின் சத்தம் நேராக அல்ல. கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செம்புக் கம்பியும்தான். மேலே இருக்கும் இரும்புக் கம்பி ஆடும்போது காந்தப்புலம் கலைகிறது, அதனால் சுருளில் சின்ன மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த அதே விஷயம். அந்த மின்சாரம் கிட்டாரின் நாப், கேபிள், பெடல், ஆம்ப் வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது.

இந்த வரிசையில் கை இருப்பது தலைமாட்டில். கம்பி எப்படி ஆடுகிறது என்பதை விரல் தீர்மானித்துவிடுகிறது. அதற்குப் பின்னால் வரும் எல்லாமே அதைப் பெரிதாக்கும், சீவும், கெடுக்கும், மெருகேற்றும். ஆனால் கம்பியில் இல்லாத உயிரைப் புதிதாகக் கொண்டுவர அவற்றால் முடியாது. பெரிய விதிவிலக்கு டிஸ்டார்ஷன். அது சிக்னலின் தலையை வெட்டி, கம்பியில் இல்லாத மேல் அதிர்வுகளைப் புதிதாக உண்டாக்கும். அதனால்தான் அந்தச் சத்தத்தை வெறுங்கையால் கொண்டுவர முடியாது. அதைப் பிறகு பார்ப்போம்.

கூடத்தைச் சரிபார்ப்பது

கம்பியில் ஆரம்பியுங்கள். மதுரை வெயிலில் கை வியர்க்காதவர் யார்? வியர்வை உப்பு கம்பியைத் தின்றுவிடும். விரலை ஓட்டினால் சொரசொரப்பாக இருந்தாலோ, கறுத்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். தினமும் வாசிப்பவருக்கு இரண்டு மாதம் தாண்டிய கம்பி செத்த கம்பிதான். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றால் கம்பியின் மேலும் கீழும் துடைத்துவிட்டு வையுங்கள், ஆயுசு கூடும்.

கம்பியின் தடிமன் அடுத்தது. கடையில் 'ஒன்பது செட்', 'பத்து செட்' என்பார்கள். முதல் கம்பி 0.009 அங்குலமா, 0.010 அங்குலமா என்பதுதான் அந்தக் கணக்கு. தடித்த கம்பியில்தான் நல்ல டோன் என்று ஒரு வீராப்பு நம்மூரிலும் உண்டு. நம்பாதீர்கள். பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி 1965-ல் பர்மிங்ஹாம் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். அவருக்கு அப்போது 17 வயது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டு, வலிக்காத மெல்லிய கம்பிகளைப் போட்டு வாசித்தார். உலகத்திலேயே கனமான கிட்டார் சத்தங்களில் ஒன்று அந்த மெல்லிய கம்பியில் வந்ததுதான். புதியவர்கள் ஒன்பது செட்டில் ஆரம்பித்தால் விரலும் பிழைக்கும், ஆசையும் பிழைக்கும்.

அப்புறம் கம்பியின் உயரம். 12-வது ஃபிரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) மேல் தடித்த ஆறாவது கம்பி சுமார் 2 மில்லிமீட்டர், மெல்லிய முதல் கம்பி சுமார் 1.5 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் போதும். இதைவிட மிக உயர்ந்திருந்தால் ஒவ்வொரு அழுத்தலும் சுருதியைக் கூட்டிவிடும். மிகத் தாழ்ந்திருந்தால் கம்பி ஃபிரெட்டில் உரசிக் கரகரக்கும்.

பிறகு இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுக்கச் சுருதி சரியாக நிற்கிறதா என்பது. ட்யூனரைச் சொருகி, 12-வது ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மணி போன்ற சத்தத்தை எடுங்கள். அடுத்து அதே இடத்தில் நன்றாக அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது கூடுதலாகக் காட்டினால், பிரிட்ஜில் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) அந்தக் கம்பி உட்காரும் சேடிலைக் கழுத்தைவிட்டுப் பின்னுக்குத் தள்ளுங்கள். குறைவாகக் காட்டினால் முன்னுக்கு. ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் வேலை, அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு முறை சேடிலை நகர்த்தியதும் மறுபடி ட்யூன் செய்த பிறகே அடுத்த சோதனை.

பிக்கப் உயரத்தையும் பாருங்கள். கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்தினால் பிரிட்ஜ் பக்கப் பிக்கப்புக்கும் கம்பிக்கும் நடுவே 2 மில்லிமீட்டர், கழுத்துப் பக்கம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், இது நல்ல தொடக்கம். 'பக்கத்தில் வைத்தால் சத்தம் கூடுமே' என்று பிக்கப்பைக் கம்பியோடு ஒட்டி வைப்பவர்கள் உண்டு. காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்துவிடும். தடித்த கம்பிகளில் ஸ்வரம் தண்ணீருக்குள் ஆடுவது மாதிரி ஆடும், நீடித்தும் நிற்காது.

கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடை மட்டும் தெரிந்தவர் கையில் விட்டுவிடுங்கள். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் கிட்டாரை வைத்துவிட்டு அழகர்கோவிலுக்கு மலையேறப் போகிறவர்களுக்கு ட்ரஸ் ராடாலும் உதவ முடியாது.

இரண்டு நிமிடப் பதிவு

இப்போது ஒரு பதிவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெடல் வேண்டாம், ரிவர்ப் (எதிரொலி) வேண்டாம். ஆம்ப்பில் பாஸ், மிட், ட்ரெபிள் (அடி, நடு, உச்சிச் சத்தம்) மூன்றும் நடுவில், கெயின் (சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற நாப்) குறைவாக. ஆம்ப்பைத் தரையில் வைக்காமல் ஸ்டூலில் ஏற்றுங்கள். ஸ்பீக்கரின் கூர்மையான சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் பாயும். ஆம்ப் தரையில் இருந்தால் அது உங்கள் கணுக்காலுக்குத்தான் கேட்கும், நீங்கள் காதுக்குப் பற்றவில்லை என்று ட்ரெபிளைக் கூட்டுவீர்கள், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் காது கிழியும். போனை ஆம்ப்பிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள், இரண்டு நிமிடம்தானே, தாங்கலாம்.

தெரிந்த ஏதாவது எட்டு தாள அளவு (பார்) மெதுவாக வாசியுங்கள். பிழையோடு இருக்கட்டும். தேதி போட்டு வையுங்கள். வாசிக்கும்போது கேட்கும் காது வேறு, மறுநாள் காலையில் கேட்கும் காது வேறு.

தட்டும் கை

பெரும்பாலான பலன் இங்கேதான் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான்.

மிருதங்கம் வாசிப்பவரைக் கவனித்திருப்பீர்கள். ஒரே வலந்தலையில் விளிம்பில் விரல் விழுந்தால் ஒரு சொல், நடுவில் கறுப்புக் கரணையில் விழுந்தால் வேறு சொல். கிட்டார் கம்பியும் அப்படித்தான். ஆறாவது கம்பியை அழுத்தாமல், பிரிட்ஜிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி ஒரு தட்டு. பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பின் மேல் ஒரு தட்டு. இரண்டு பிக்கப்புகளுக்கு நடுவே ஒன்று. கழுத்தோரம் ஒன்று. கடைசியாக 12-வது ஃபிரெட்டுக்கு மேல் ஒன்று. அஞ்சு இடம், அஞ்சு சத்தம். பிரிட்ஜ் பக்கம் தகடு தட்டுவது போலக் கூர்மை, போகப் போக உருண்டை, 12-வது ஃபிரெட்டில் மூங்கிலுக்குள் ஊதுவது போல ஒரு வெறுமை.

காரணம் எளிது. கம்பி ஒரே அதிர்வில் ஆடுவதில்லை. முழுக் கம்பியும் ஆடும்போதே அதன் பாதி, மூன்றில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு எனப் பல அதிர்வுகள் கூடவே ஆடுகின்றன. 12-வது ஃபிரெட் திறந்த கம்பியின் சரிபாதி. அங்கே தட்டினால் இரட்டைப்படை அதிர்வுகள் எழும்பாது, அதனால்தான் அந்த வெறுமை. பிரிட்ஜ் ஓரத்தில் தட்டினால் சின்னச் சின்ன மேல் அதிர்வுகள் எல்லாம் கிளம்பிவிடும், அதனால் கூர்மை. ஆம்ப்பின் ட்ரெபிள் நாப் செய்வதில் பாதியை மணிக்கட்டை நாலு அங்குலம் நகர்த்தியே செய்துவிடலாம், அதுவும் பாட்டின் நடுவிலேயே.

ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். ஒரே வரியை மூன்று இடங்களில் தட்டி வாசியுங்கள், வேறு எதையும் மாற்றாதீர்கள்.

அடுத்து பிக், கம்பியைத் தட்டும் சின்ன வில்லை. 0.5 மில்லிமீட்டர் பிக் கார்டு (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பது) வாசிக்க நன்றாக இருக்கும், தனி ஸ்வரத்தில் வளைந்து 'டிக் டிக்' என்ற ப்ளாஸ்டிக் சத்தத்தை முன்னால் தள்ளும். 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த டிக் குறைந்து ஸ்வரம் கெட்டியாகும். கடைக்குப் போனால் மூன்று நாலு தடிமனில் ஒவ்வொன்று வாங்கி வாருங்கள். டோனை மாற்ற இதைவிட மலிவான சாமான் உலகத்தில் இல்லை. குயீன் குழுவின் பிரையன் மே பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிக்கிறார். அவருடைய கிட்டாரும் கடையில் வாங்கியது அல்ல. பையனாக இருந்தபோது அப்பாவோடு சேர்ந்து 1963 வாக்கில் செய்ய ஆரம்பித்தது, கழுத்து மரம் பழைய கணப்படுப்பு ஒன்றின் மேல்பலகை. ஜெஃப் பெக் நேர் எதிர். 1980-களில் பிக்கையே தூக்கிப் போட்டுவிட்டு வெறும் விரலுக்கு மாறினார்.

பிக் பிடிக்கும் கோணத்தையும் மாற்றிப் பாருங்கள். கம்பிக்கு இணையாகத் தட்டையாக விழுந்தால் சத்தம் நிறைவாக வரும். கொஞ்சம் சாய்த்தால் கம்பியை உரசிக்கொண்டு ஒரு சீவல் சத்தம் சேரும். அதிகம் சாய்த்தால் சீவல் மட்டும்தான் மிஞ்சும். பிக்கின் நுனி கொஞ்சமே வெளியே தெரியட்டும். நிறைய நீட்டிப் பிடிப்பவர்களுக்குக் கம்பியில் ஆழமாக மாட்டிக்கொண்டு தாளம் தடுமாறும்.

எல்லாவற்றுக்கும் மேல், தட்டும் பலம். அந்த அண்ணன் என்னைச் சொன்னது இதைத்தான். புதியவர்கள் பலர் ஆம்ப் சத்தத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு கம்பியைத் தடவுவார்கள். ஆம்ப்பைக் குறைத்து, கையைக் கூட்டுங்கள். மெட்ரோனோமை 60-ல் வைத்து ஒரே ஸ்வரத்தை எட்டு முறை தட்டுங்கள், முதல் தட்டு காதோடு பேசுவது போல, எட்டாவது தட்டு தெருக்கோடியில் இருப்பவரைக் கூப்பிடுவது போல. அப்புறம் எட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குங்கள். ஏறுவது சுலபம். இறங்குவதில்தான் எல்லாருக்கும் நாலாவது தட்டிலேயே சத்தம் தொப்பென்று விழும்.

அழுத்தும் கை

விரலை ஃபிரெட்டின் உலோகத்துக்கு ஒட்டிப் பின்னால் வையுங்கள். இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் வைத்தால் கரகரக்கும், அதைச் சரிசெய்ய இன்னும் அழுத்துவீர்கள், அழுத்தினால் சுருதி கூடும். மெல்லிய கம்பியில் இது சீக்கிரம் தெரியும். கார்டு எப்போதும் கொஞ்சம் சுருதி பிசகியே கேட்கிறது என்று ட்யூனரைச் சந்தேகப்படுபவர்கள் முதலில் கட்டை விரலின் பிடியைத் தளர்த்திப் பார்க்கட்டும்.

கம்பியை இழுப்பதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கமகம் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. வீணையில் மெட்டின் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து மேல் ஸ்வரத்தைத் தொடுவதும், கிட்டாரில் பெண்டிங் என்பதும் ஒரே வேலைதான். நாதஸ்வரம் கேட்பதற்கு மதுரையைவிட நல்ல ஊர் வேண்டுமா? சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் வாழ்ந்த ஊர். அந்த இழைவைக் கேட்டுவிட்டு வந்து உங்கள் பெண்டிங்கைக் கேளுங்கள், எங்கே முரடாக இருக்கிறது என்று தானாகத் தெரியும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் அஞ்சு கம்பி எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக சங்கீதத்தை முழுசாக வாசித்துக் காட்டினார். மாண்டலினின் சத்தம் தட்டினால் நிற்காது, அதிலா கமகம் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கருவிக்குக் குறையென்று தோன்றியதை அவர் விரல் ஈடுகட்டியது.

பயிற்சி இது. மூன்றாவது கம்பி, ஏழாவது ஃபிரெட். முதலில் ஒன்பதாவது ஃபிரெட்டை வாசித்து அந்த ஸ்வரத்தை வாயால் பாடுங்கள். பிறகு ஏழாவதை அழுத்தி, கம்பியை இழுத்து அந்த இடத்துக்குக் கொண்டு போங்கள். ஒரு விரலால் இழுக்காதீர்கள், மோதிர விரலுக்குப் பின்னால் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் முட்டுக் கொடுக்கட்டும். மணிக்கட்டைத் திருப்புங்கள், கதவுக் குமிழைத் திருப்புவது போல. போய்ச் சேர்ந்ததா என்று ட்யூனரைப் பாருங்கள். முதல் வாரம் எல்லாருக்கும் குறைவாகத்தான் நிற்கும்.

வைப்ரேட்டோ, அதாவது ஸ்வரத்தை அசைப்பது, ஒவ்வொருவரின் கையெழுத்து. பி.பி. கிங்குக்கு அவருடைய உறவினர் புக்கா வைட் மாதிரி ஸ்லைடு வைத்து வாசிக்க வரவில்லை. அந்தச் சத்தத்தை விரலால் கொண்டுவரப் பார்த்து, ஆள்காட்டி விரலை ஊன்றி மற்ற விரல்களைச் சிறகு போல விரித்து அசைக்கப் பழகினார். இரண்டு ஸ்வரத்தில் அவரை அடையாளம் காணலாம், எந்த ஆம்ப்பில் வாசித்தாலும். நீங்கள் கவனிக்க வேண்டியது அசைவின் வேகம் சீராக இருக்கிறதா, ஒவ்வொரு முறையும் ஸ்வரத்தின் சொந்த இடத்துக்குத் திரும்பி வருகிறதா என்பதைத்தான். பதற்றத்தில் நடுங்குவதை வைப்ரேட்டோ என்று சொல்லிக்கொள்ள முடியாது.

கடைசியாக, பேசாத கம்பிகள். 'என் டிஸ்டார்ஷன் இரைச்சலாக இருக்கிறது' என்று வருபவர்களில் பலருக்குக் குறை பெடலில் இல்லை. ஒரு கம்பியை வாசிக்கும்போது மற்ற அஞ்சும் கூடச் சேர்ந்து முனகுகின்றன, கெயின் அதைப் பத்து மடங்கு ஆக்குகிறது. மேலே இருக்கும் தடித்த கம்பிகளைத் தட்டும் கையின் உள்ளங்கை ஓரம் தொட்டுக்கொண்டிருக்கட்டும், கீழே இருக்கும் மெல்லிய கம்பிகளை அழுத்தும் கையின் ஆள்காட்டி விரல் லேசாகப் படிந்து அடக்கட்டும். சோதனை ஒன்று சொல்கிறேன். கெயினை முழுக்கத் திறந்து, ஒரு ஸ்வரம் வாசித்து, சட்டென்று நிறுத்துங்கள். அமைதி விழ வேண்டும். விழவில்லையென்றால் எந்தக் கம்பி முனகுகிறது என்று தேடுங்கள். பாம் மியூட்டும், அதாவது கம்பியை அடக்கியபடியே தட்டுவதும், இதே உள்ளங்கை வேலைதான். கை பிரிட்ஜின் மேல் கம்பி ஆரம்பிக்கும் இடத்தில் இருந்தால் 'ஜும் ஜும்', அரை அங்குலம் முன்னால் வந்துவிட்டால் வெறும் 'தப் தப்'.

கிட்டாரிலேயே இருக்கும் நாப்கள்

இவற்றுக்குக் காசு கொடுத்தாயிற்று, ஆனாலும் எல்லாரும் பத்திலேயே வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். டிஸ்டார்ஷன் உள்ள ஆம்ப்பில் கிட்டாரின் வால்யூமை ஆறுக்கு இறக்கினால் சத்தம் பெரிதாகக் குறையாது, அழுக்குதான் குறையும். ரிதத்துக்கு ஆறு, லீடுக்கு பத்து. இரண்டு பெடலின் வேலையை ஒரு சுண்டுவிரல் செய்துவிடும். ஜெஃப் பெக் வாசிப்பைப் பாருங்கள், அந்த விரல் நாப்பை விட்டு நகராது. வால்யூமை இறக்கும்போது கூர்மையும் கொஞ்சம் மழுங்கும். அது கோளாறு இல்லை, கேபிளின் மின்தேக்கத் தன்மை செய்யும் வேலை. கேபிள் நீளமாக நீளமாக இது கூடும். வீட்டில் வாசிக்க மூன்று மீட்டர் கேபிள் போதும்.

கையால் ஆகாதவை

சரி, இப்போது சாமான் பக்கம். இங்கேதான் உங்கள் கையைக் குறை சொல்லக் கூடாது.

முதலாவது, ஸ்பீக்கர். டிஸ்டார்ஷன் பெடலை நேராக ஹோம் தியேட்டரிலோ மிக்ஸரிலோ சொருகிவிட்டு, தேனீக் கூட்டம் மாதிரி கேட்கிறதே என்று வருந்துபவர்கள் ஏராளம். கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகத் தணிந்துவிடும். டிஸ்டார்ஷனின் ரம்பச் சத்தத்தை வடிகட்டுவதே அதுதான். ஹோம் தியேட்டர் அதை ஒன்றுவிடாமல் பாடிவிடும். ஒன்று, கிட்டார் ஆம்ப் வேண்டும். இல்லையென்றால் கேபினெட் சிமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கர் மாதிரி கேட்க வைக்கும் வசதி) உள்ள ப்ராசஸர் வேண்டும். இதை எந்தப் பயிற்சியாலும் ஈடுகட்ட முடியாது.

இரண்டாவது, இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலை அப்படியே பிடிக்கும். இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து அந்த முனகலை அடித்துக்கொள்ள வைக்கும் ஹம்பக்கரை கிப்ஸன் கம்பெனியில் சேத் லவர் 1955-ல் உருவாக்கியது இதற்காகத்தான். உங்களுடையது ஒற்றைச் சுருள் என்றால் பதறாதீர்கள். எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர், மேடையில் தொங்கும் சீரியல் செட் ஆகியவற்றிலிருந்து விலகி நில்லுங்கள். நின்ற இடத்திலேயே கொஞ்சம் திரும்பிப் பாருங்கள், ஏதோ ஒரு கோணத்தில் முனகல் அடங்கும். அஞ்சு நிலை ஸ்விட்ச் உள்ள பல கிட்டார்களில் இரண்டாவது, நாலாவது நிலைகளில் அது பெரும்பாலும் அற்றுப்போகும்.

மூன்றாவது, மின்சாரம். பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், நடு ஊசி நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் ரௌட்டர், சிசிடிவி அடாப்டர்கள் பெரும்பாலும் நடு ஊசி பாசிட்டிவ், பல 12 வோல்ட். சொருகிப் பார்த்துவிட்டு ஒரு நல்ல ஓவர்டிரைவ் (மிதமான டிஸ்டார்ஷன்) பெடலை நானே கொன்றிருக்கிறேன். அடாப்டரின் முதுகில் போட்டிருக்கும் படத்தைப் படித்துவிட்டுச் சொருகுங்கள். திருவிழா மேடையில் ஆம்ப்பும் மைக்செட்டும் வேறு வேறு லைனிலிருந்து வந்தால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் படும்போது ஷாக் அடிக்கலாம், ஆளையே தூக்கிப் போடும் அளவுக்குக்கூட. மைக்செட்காரரிடம் கேட்டு ஒரே எர்த் உள்ள இடத்திலிருந்து எடுங்கள். முனகலைக் குறைக்கிறேன் என்று பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

நாலாவது, மேடையின் மிட். படுக்கையறையில் பாஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிட்டை இறக்கினால் சொர்க்கமாக இருக்கும். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடியும் உச்சியும் சரியாகக் கேட்காது, ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொன்ன விஷயம். அதனால் அவற்றை ஏற்றத் தோன்றுகிறது. அதே செட்டிங்கோடு மேடையேறினால் அடியில் பேஸ் கிட்டாரும் ரிதம் பேடும், உச்சியில் சிம்பலும் கீபோர்டும் உங்களை விழுங்கிவிடும். மிட்டை நடுவுக்குக் கொண்டு வாருங்கள். தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கால் பேசுவது போலத்தான் இருக்கும், இருக்கட்டும்.

வாங்குவதென்றால்

என் வரிசை இது. புதுக் கம்பியும் தெரிந்தவர் கையால் ஒரு செட்டப்பும். நாலு பிக். ஒழுங்கான கேபிள். பிறகு ஆம்ப், இங்கேதான் பணத்தில் பெரும்பகுதி போக வேண்டும். அப்புறம் ஒரே ஒரு ஓவர்டிரைவ். பிக்கப் மாற்றுவதும் புதுக் கிட்டாரும் அதற்கெல்லாம் பின்னால். இதில் எனக்கு ஒரு தடுமாற்றம் உண்டு. கழுத்து முறுக்கிய, ட்யூனில் நிற்காத கிட்டார் என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதலில் அதை மாற்றச் சொல்வேன். அந்தக் கருவி கையையே கெடுத்துவிடும்.

கடைக்குப் போகும்போது சொந்தக் கிட்டாரையும், பழகிய பிக்கையும் எடுத்துப் போங்கள். கடைப் பையன் வேகமாக வாசித்துக் காட்டுவதை ரசியுங்கள், ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அது அவன் கை. நீங்கள் பதிவு செய்த அதே எட்டு அளவை, ரிவர்பை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஆம்ப்பிலும் வாசித்துப் போனில் பிடியுங்கள். மெதுவாக ஒரு முறை, பலமாக ஒரு முறை. மெதுவுக்கும் பலத்துக்கும் வித்தியாசம் காட்டாத ஆம்ப்பை விட்டுவிடுங்கள். அன்றே பில் போடாமல் வெளியே வந்து, பக்கத்தில் ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலையில், எது எந்த ஆம்ப் என்று பார்க்காமல், எல்லாவற்றையும் வரிசையாகக் கேளுங்கள். தேதி போட்டு வைத்த அந்த முதல் பதிவையும் நடுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.